துணை என்று எழுதினால் துனாய் என்று படிப்பார்கள்

எங்கள் கம்பெனியின் பெயரை மாற்றச் சொல்லி இதுவரை ஐந்து பேர் எனக்கு அறிவுரை சொல்லிவிட்டார்கள். அதில் ஒருவன் என் சொந்தத் தம்பி. மாற்ற மாட்டேன் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். ஏன் என்று நின்று விளக்க எனக்கு வராது. நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்தாலே என் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன்.

நொடித்துப்போகும் நிலையில் இருக்கும் சின்னக் கம்பெனிகளை வாங்கி, மூடாமல் நடத்துவது எங்கள் தொழில். எங்கள் என்றால் நானும் தம்பியும். நான் மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளியை விட்டவள். ஜொகூரின் பத்து பாகாட் ஊரில் ஒரு தையல் ஆலையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன், கடைசியில் ஒரு வரிசைக்கு மேற்பார்வையாளராக. தம்பி சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்யப் போய், அங்கேயே கொள்முதல் பிரிவு வரை ஏறியவன். எங்கள் ஆலையை மூடப்போவதாக முதலாளி அறிவித்த வாரம் தம்பி வீட்டுக்கு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அக்கா, உன் பேக்டரில ஆர்டர் இல்லையா, இல்ல முதலாளிக்கு ஆசை இல்லையா?"

ஆர்டர் இருந்தது. முதலாளிக்குத்தான் வயதாகிவிட்டது, பிள்ளைகள் யாரும் துணி பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் சேமிப்பையும் என் சேமநிதியையும் போட்டு ஆலையை வாங்கினோம். நான் தைத்த இடத்தை நானே வாங்கினேன் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருந்ததால் ஒரு வருடம் பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அடுத்ததாகச் செனாய் என்ற ஊரில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு கம்பெனியை வாங்கினோம். அதற்குள் சொந்தக்காரர்கள் எங்களுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் நான் தட்டோடு வரிசையில் நிற்கும்போது பின்னால் ஒரு சித்தப்பா சத்தமாகச் சொன்னார்: "வந்துட்டாங்க லா, லெலோங் கம்பெனி. வீட்டுல எதாச்சும் சாகக் கெடந்தா சொல்லுங்க, ஏலத்துல தூக்கிடுவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதெல்லாம் நான் அப்படித்தான்.

உண்மையில் எங்களுக்குப் பெயர் என்று ஒன்று இல்லை. யாரோ ஏற்கெனவே பதிவு செய்து விற்பனைக்கு வைத்திருந்த ஒரு கம்பெனியைத் தம்பி அப்படியே வாங்கியிருந்தான். மூன்று ஆங்கில எழுத்துகள், பக்கத்தில் ஓர் எண். வாங்கிய ஆலைகள் அவற்றின் பழைய பெயரிலேயே ஓடின. பெயர் இல்லாதது வசதி என்றுகூடத் தம்பி சொல்வான்.

அந்த வசதியைச் செனாயில் பார்த்தேன். வாங்கிய மூன்றாம் மாதம் ஆறு பேரை வேலையிலிருந்து நிறுத்த வேண்டும் என்று தம்பி ஒரு தாளைக் காட்டினான். நான் தலையாட்டினேன். கடிதத்தைக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. பசை இயந்திரத்தில் நின்ற ஒரு பெண் கடிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "இது யாரு கா அனுப்புனது? நம்ம முதலாளியா?" என்றாள். இல்லை, வாங்கியவர்கள் என்றேன். "வாங்குனவங்க யாரு?" என்று கேட்டாள். கடிதத்தின் தலையில் அச்சடித்திருந்த அந்த மூன்று எழுத்தையும் எண்ணையும் காட்டினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, "இதைப் போயி எப்படித் திட்டறது?" என்றாள். நான் எதிரே நின்றுகொண்டிருந்தேன். வாங்கியவள் நான்தான் என்று சொல்லவில்லை.

அதற்கு அடுத்த வருடம்தான் சாஆவில் இருந்த மசாலா மில் விலைக்கு வந்தது. மீன் கறித்தூள், இறைச்சிக் கறித்தூள், மல்லித்தூள். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் அந்தச் சின்ன ஊரில், அத்தா ஆரம்பித்த மில்லை மகன் நடத்திக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கும் தமிழ் முஸ்லிம். பாய் என்று கூப்பிடுவோம். பதினான்கு பெண்கள் வேலை செய்தார்கள், பாதி மலாய்க்காரர்கள், பாதி நம்மவர்கள். வறுக்கும் இயந்திரம் பழசு, பெரிய கடைகள் சரக்கு எடுப்பதை நிறுத்திவிட்டன, பாய்க்கு முட்டி வலி. வேறொருவரும் அதற்கு விலை பேசியிருந்தார். கட்டடத்தை உள்ளே இடித்து, சன்னல்களை அடைத்து, சூப்புக்கு விற்கும் கூட்டுக்காகக் குருவி வளர்க்கும் வீடாக மாற்றப் போகிறாராம். அவருக்கு ஆள் வேண்டியதில்லை, குருவிகளே போதும்.

முதல் முறை போனபோது பாய் தம்பியிடம் கேட்டார்:

"உங்க கம்பெனி பேரு என்னா தம்பி?"

தம்பி சொன்னான்.

"இது என்னா, லாரி நம்பரா?"

"ரிஜிஸ்டர் பண்ண பேரு பாய்."

"எங்க அத்தா பேரு போட்ட மில்லு இது. நாளைக்கு ஒருத்தன் வந்து யாருகிட்ட குடுத்தேன்னு கேட்டா, நான் நம்பரையா சொல்லுவேன்? அடுத்த வார வெள்ளிக்கிழமை தொழுகைக்கு அப்புறம் அந்தக் குருவிக்காரனுக்குப் பதில் சொல்லணும். அதுக்குள்ள நீங்க யாருன்னு எழுதிக் கொண்டாங்க."

பன்னிரண்டு நாள் இருந்தது. பதினான்கு பேரின் வேலையும் அந்தப் பன்னிரண்டு நாளில் தொங்கியது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தம்பி ஜொகூர் பாருவில் பெயர் வைத்துத் தரும் ஓர் ஆளைப் பிடித்தான். தமிழ்ப் பையன்தான், வெளிநாட்டில் படித்தவன், நல்ல மரியாதை. குளிரூட்டிய அறையில் பெரிய திரையில் பெயர்களை ஒவ்வொன்றாகக் காட்டினான். எல்லாம் ஆங்கிலம். மறுபடி எழுவது, மறுபடி பிறப்பது, சாம்பலிலிருந்து சிறகடிக்கும் பறவை. அந்தப் பறவை தம்பிக்குப் பிடித்துவிட்டது. அதற்குச் சிவப்பில் ஒரு சிறகும் வரைந்து வைத்திருந்தார்கள்.

"ஆன்ட்டி, நீங்க எதாச்சும் சொல்லணுமா?" என்று பையன் என்னைக் கேட்டான், மரியாதைக்குத்தான்.

எனக்குள் ஒரு சொல் இருந்தது. தையல் ஆலையில் தினமும் காலையில் வேலைத் தாள் எழுதுவது என் பொறுப்பு. நம் வீடுகளில் எந்தத் தாளானாலும் மேலே முருகன் துணை என்றோ மாரியம்மன் துணை என்றோ எழுதித்தானே தொடங்குவோம். என் வரிசையில் மலாய்ப் பெண்கள், சீனப் பெண்கள், ஒரு பெந்தகோஸ்தே அக்கா எல்லோரும் இருந்தார்கள். அவர்கள் தாளில் என் சாமியை ஏற்றுவது சரியில்லை என்று பட்டது. சாமி பெயரை விட்டுவிட்டு, மூலையில் சின்னதாகத் துணை என்று மட்டும் எழுத ஆரம்பித்தேன். அதை எழுதாமல் ஒரு நாளும் இயந்திரங்களை ஓட்டச் சொன்னதில்லை.

"துணை," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

பையன் உடனே தட்டச்சு செய்தான். திரை முழுக்கப் பெரிய ஆங்கில எழுத்தில் வந்து நின்றது: டி, யு, என், ஏ, ஐ.

தம்பி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். "அலமாக்! அக்கா, இது விளக்குக் கம்பத்துல ஒட்டுற பேரு லா!"

அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. மலாயில் துனாய் என்றால் ரொக்கம். ஜொகூரில் எந்தத் தெருவிலும் ஒரு கம்பத்தை நின்று பாருங்கள், பிஞ்சாமான் துனாய், ரொக்கக் கடன் என்று ஆலோங்குகள், அதாவது வட்டி முதலைகள், தொலைபேசி எண்ணோடு ஒட்டி வைத்திருப்பார்கள். நான் பிறந்ததிலிருந்து மலாய் பேசுகிறவள். அந்த ஒட்டுத்தாள்களைத் தினமும் கடந்து போகிறவள். ஆனால் என் துணை தமிழ் எழுத்தில் மட்டுமே இருந்தது. இந்த இரண்டு சொல்லும் என் தலைக்குள் ஒருநாளும் சந்தித்துக்கொண்டதில்லை.

"எச் சேத்துப் பாக்கலாம்," என்று பையன் ஓர் எழுத்தை நடுவில் நுழைத்தான்.

"இப்ப டூனா மாதிரி இருக்கு. டின் மீனு," என்றான் தம்பி.

"ஆன்ட்டி, சென்டிமென்ட் நல்லாத்தான் இருக்கு," என்றான் பையன். "ஆனா ஆபத்துல இருக்கற கம்பெனிகிட்டப் போயி ஆலோங் பேரைக் காட்டுனா ஓடிருவாங்க. நீங்க தே குடிங்க ஆன்ட்டி, ஆறிடப் போவுது."

நான் குடித்தேன். அந்தத் தேநீரைக் குடித்ததை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

பறவைப் பெயரில் கடிதத்தாள் அச்சாகி வந்தது. அதில் விலையை எழுதிக்கொண்டு வியாழக்கிழமை சாஆ போனோம். மறுநாள் வெள்ளி. பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தின் தலையை எழுத்துக் கூட்டிப் படித்தார். இரண்டு முறை முயன்றுவிட்டு விட்டுவிட்டார்.

"இது என்னா தம்பி?"

"ஒரு பறவை பாய். கதையில வர்ற பறவை. எரிஞ்சு சாம்பலாப் போயி, அந்தச் சாம்பல்லேர்ந்து புதுசா எந்திரிச்சு வரும்."

"அப்ப நான் எரியணுமா?"

"இல்ல பாய், அது ஒரு அர்த்தத்துக்கு..."

"என் மில்லு நொண்டுது. நொண்டுறது வேற, சாம்பலாப் போறது வேற. எனக்கு ரெண்டு பக்கமும் பறவையாத்தான் வருது தம்பி. அந்தக் குருவிக்காரன் தேவலை, இடிப்பேன்னு நேராச் சொல்றான். உங்க பறவை என்னா செய்யும்னு எனக்குப் புரியல." கடிதத்தை மேசையில் எங்கள் பக்கமாகத் தள்ளினார்.

தம்பி விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். பாய் கேட்கவில்லை. அவர் கண்ணாடித் தடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். தம்பியின் பைக்குள் இன்னொரு தாள் இருந்தது எனக்குத் தெரியும். வாங்கிய மூன்றாம் மாதம் நான்கு பேரை நிறுத்துவது என்று அதில் எழுதியிருந்தது. அந்தக் கடிதங்களையும் நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன்.

பேனாவை எடுத்தேன். பறவையின் மேல் ஒரு கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் தமிழில் துணை என்று எழுதிப் பாயிடம் திருப்பினேன்.

"துணை," என்று படித்தார். "மேல சாமி பேரைக் காணோமே தங்கச்சி?"

"போடல பாய். எல்லாருக்கும் பொதுவா இருக்கட்டும்."

அவர் அந்தச் சொல்லை விரலால் தொட்டார். பிறகு, "இது எனக்குப் புரியுது. அவங்களுக்குப் புரியணுமே," என்று சொல்லி, தடுப்பைத் தட்டி மேற்பார்வைப் பெண்ணைக் கூப்பிட்டார். முப்பது வருடமாக அங்கே இருக்கும் மலாய்க்கார அம்மா. அவர் கதவைத் திறந்ததும் மிளகாய் நெடியும் கூட வந்தது. மற்றப் பெண்கள் இரண்டிரண்டு பேராக எட்டிப் பார்த்தார்கள்.

"அக்கா, வேணாம்," என்றான் தம்பி, பல்லைக் கடித்துக்கொண்டு.

ஆங்கில எழுத்தில் எழுதினேன். எச் போடவில்லை. என் அடையாள அட்டையில் என் பெயரிலேயே ஓர் எழுத்து இல்லை. பிறப்பைப் பதிந்த குமாஸ்தா விட்ட எழுத்து அது. பள்ளியில் அந்தக் குறைப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து நிற்கவே கூசுவேன். எழுத்தைச் சேர்த்தால் மட்டும் படிக்கிறவர்கள் சரியாகப் படித்துவிடுவார்களா என்ன? எப்படிப் படிப்பார்களோ அப்படியே இருக்கட்டும்.

அந்த அம்மா படித்தார். "துனாய்?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஆலோங் கா?" வட்டிக்காரர்களா என்று கேட்டார்.

பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். யாரோ தும்மினார்கள். தம்பி தரையைப் பார்த்தான்.

அப்போது எனக்கு என் மூன்றாம் படிவ மலாய் ஆசிரியை நினைவுக்கு வந்தார். கட்டுரையில் வாக்கைக் காப்பாற்றினான் என்று எழுத வேண்டிய இடத்தில் நான் ஏதோ கொச்சையாக எழுதியிருந்தேன். அவர் அதைச் சிவப்பு மையில் அடித்து, மேலே மெனுனாய்கான் ஜாஞ்சி என்று எழுதி, பத்து முறை எழுதிவரச் சொன்னார். கொடுத்த வாக்கை நிறைவேற்றுவது. அதன் வேர்ச்சொல் துனாய். வெளிநாட்டில் படித்த பையனுக்கும் கொள்முதல் பார்த்த தம்பிக்கும் ரொக்கம் மட்டும்தான் தெரிந்தது. எனக்கு அந்தப் பத்து வரி தெரியும்.

"இல்லை காக்," என்றேன் மலாயில். காக் என்றால் அவர்களுக்கு அக்கா. "மெனுனாய்கான் ஜாஞ்சி. அந்தத் துனாய்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"ஜாஞ்சி ஆப்பா?"

என்ன வாக்கு என்று கேட்டார். நான் அதை யோசித்திருக்கவில்லை. ஒரு பெயர் சொன்னால் அதற்கு இப்படி ஒரு கேள்வி வரும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. திரையில் பார்த்த அத்தனை பெயரில் எதைச் சொல்லியிருந்தாலும் இந்தக் கேள்வி வந்திருக்காது. மேசைக்கு அடியில் தம்பி என் காலை மிதித்தான். நான் காலை நகர்த்திக்கொண்டேன்.

எழுந்து நின்றேன். எந்த மொழியிலும் அத்தனை பேர் முன்னால் நான் பேசியதில்லை. இங்கே பதினான்கு பேர் இருக்கிறீர்கள், நாங்கள் வாங்கினால் பதினான்கு பேரும் இருப்பீர்கள் என்றேன். பொட்டலத்தின் மேல் பாயுடைய அத்தாவின் பெயர் அப்படியே இருக்கும் என்றேன். இரண்டில் எது நடக்காவிட்டாலும் யாரைத் திட்டுவது என்று தேட வேண்டாம், நான்தான், என் முகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். மலாயில் சொன்னதால் அவ்வளவும் சொல்ல முடிந்தது. தமிழில் என்றால் அழுதிருப்பேன்.

பாய் கேட்டார்: "எழுதித் தருவீங்களா?"

அந்தக் கடிதத்திலேயே, அடித்த பறவைக்குக் கீழே, இரண்டு வரி மலாயில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேற்பார்வை அம்மா அதை வாங்கி வாய்விட்டுப் படித்தார். பிறகு தானும் கையெழுத்துப் போடப் பாய் பேனாவைக் கேட்டார்.

திரும்பும் வழியில் எங்கள் காடி செம்பனைத் தோட்டங்களைத் தாண்டியது. தம்பி பிடித்துக்கொண்டான்.

"யாரைக் கேட்டு வாக்குக் குடுத்த?"

"நீ பக்கத்துலதானே இருந்த. கால மிதிச்ச, வாயத் தொறக்கல."

"நாலு பேரைக் குறைச்சாத்தான் மில்லு ஓடும்னு கணக்குப் போட்டு வச்சிருக்கேன் அக்கா!"

"அதத்தான் பாய்கிட்ட சொல்லியிருக்கணும். பறவையக் காட்டிட்டு இதைப் பையில வச்சிருந்தா?"

"அப்ப என் கணக்கு?"

"மாத்திப் போடு. கணக்க மாத்தலாம்."

"பேரயும் மாத்தலாம்!"

"முடியாது டா," என்றேன். அவனை நான் டா போட்டு வருடக்கணக்கில் ஆகியிருந்தது. அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான், ஆனால் உதட்டோரம் சிரிப்பு மாதிரி ஏதோ இருந்தது.

பதிவு செய்யப் போனபோது இது கடன் கொடுக்கும் தொழிலா என்று விளக்கம் கேட்டார்கள். நானே மலாயில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பெயர் கிடைத்தது. பலகை மாட்டிய முதல் வாரம் தொலைபேசி ஓயவில்லை. எல்லாம் கடன் கேட்டுத்தான். ஒருவர் காடியை அடகு வைக்கலாமா என்றார், ஒருவர் மகளின் கல்யாணத்துக்கு என்றார். முன்பெல்லாம் தொலைபேசி அடித்தால் நான் கழிவறைக்குப் போய்விடுவேன். இப்போது எடுத்துப் பேசினேன். நாங்கள் கடன் கொடுப்பதில்லை, உங்களிடம் கம்பெனி இருந்து, அது சிரமத்தில் இருந்தால் சொல்லுங்கள் என்பேன். இப்படிக் கடன் கேட்டுக் கூப்பிட்ட ஒருவருக்கு உண்மையிலேயே ஒரு சலவைக்கூடம் இருந்தது. அதைப் போன வருடம் வாங்கினோம்.

மில் எளிதாக ஓடிவிடவில்லை. வறுக்கும் இயந்திரம் இரண்டு முறை படுத்துக்கொண்டது. நானும் தம்பியும் சில மாதம் சம்பளம் எடுக்கவில்லை. அவன் ஒவ்வொரு மாதமும் அந்த நாலு பேர் தாளை மேசையில் வைப்பான், நான் அதைத் திருப்பி வைத்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போவேன். பிறகு ஒரு கட்டத்தில் அவன் அதைக் கொண்டுவருவதை நிறுத்திவிட்டான்.

போன மாதம் பொட்டலம் போடும் ஒரு மலாய்க்காரப் பெண் வயதாகி வேலையிலிருந்து நின்றுகொண்டார். தம்பி அந்த இடத்தை நிரப்ப வேண்டாம் என்றான். நாம் அனுப்பவில்லை, அவரே போகிறார், வாக்கு மீறியதாகாது என்று அழகாக விளக்கினான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பதில் சொல்லாமல் ஒரு வாரம் இருந்துவிட்டேன்.

அடுத்த முறை சாஆ போனபோது மேற்பார்வை அம்மா அலுவலகக் கதவை மறித்து நின்றார். கையில் நான் எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகல் இருந்தது. பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார்.

"காக், துனாய்," என்றார். "எம்பாட் பெலாஸ். புக்கான் தீகா பெலாஸ்." பதினாலு, பதிமூன்று இல்லை.

உள்ளே எல்லோரும் கையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். தம்பி என் காதருகே வந்து சொன்னான்: "பாத்தியா? பேசாம அந்தப் பறவையவே வச்சிருக்கலாம். பறவைகிட்ட வந்து யாரும் கணக்குக் கேக்க மாட்டாங்க."

"கேக்கட்டும்னுதான் வச்சேன்," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

ஆளைத் தேடும் வேலையை அந்த அம்மாவிடமே கொடுத்தேன். இரண்டு நாளில் கொண்டுவந்துவிட்டார். சம்பளக் கடிதத்தில் நான் கையெழுத்துப் போடும்போது புதிதாக வந்த பெண் தலையைச் சாய்த்துக் கடிதத்தின் மேலே இருந்த பெயரைத் துனாய் என்று படித்தாள். பிறகு கேட்க வந்ததைக் கேட்காமல் என் முகத்தைப் பார்த்தாள். கேள் என்றேன்.